மூன்று புத்தகம் வாங்கி நான்காவதில் தொடங்கினோம்: மார்த்தாண்டம் பக்கம் ஒரு லீவர் ஹார்ப் வகுப்பு

பின்னணி

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடையில் ஒரு சபையில் இருபது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கு கீபோர்டும் பியானோவும் சொல்லிக் கொடுக்கிறேன். ஹார்ப் என் வாத்தியம் இல்லை. ஒரு மே மாதம் அது எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் அங்கே ஓய்வு நேரத்தில் ஹார்ப் பழகியிருந்தார். லீவுக்கு வந்தபோது 34 கம்பியுள்ள லீவர் ஹார்ப் (கம்பியின் சுருதியைக் கையால் லீவர் தூக்கி மாற்றுகிற வகை) ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மா கிடக்க வேண்டாம், யாராவது படிக்கட்டும்" என்று சபைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இருந்த மூன்று வாரத்தில் உட்காரும் முறை, கை வைக்கும் முறை, ட்யூனிங் கீ பிடிக்கும் முறை என்று எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் காட்டினார். அவர் காதால் கேட்டுப் பழகியவர். புத்தகம் எதுவும் கையில் இல்லை.

தமிழ் வேதாகமத்தில் தாவீது வாசிப்பது சுரமண்டலம். அதனால் முதல் ஞாயிறே எல்லோர் வாயிலும் அதற்கு அந்தப் பெயர்தான். வாத்தியத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை, தினமும் உட்கார்ந்து பழக முன்வந்தவர்கள் இரண்டு பேர்.

ஒருத்தி ஏழாம் வகுப்பு மாணவி. என்னிடமே கீபோர்டு மூன்றாம் கிரேடு முடித்தவள், ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறியை, மளமளவென்று படிப்பாள். மற்றவர் ஐம்பது வயது தாண்டியவர், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, பாடகர் குழுவில் பேஸ் குரல். ஸ்டாஃப் அவருக்குத் தெரியாது. ஆனால் டோ, ரே, மீ என்று ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா தண்ணீர்பட்ட பாடு. மிஷன் காலத்திலிருந்து இந்தப் பக்கத்துச் சபைகளில் அதுதான் பாடகர்களின் எழுத்து. எந்த ஸ்வரத்தை 'டோ' என்று வைத்தாலும் மற்றவை அதிலிருந்து கணக்காகும். அவருடைய அப்பாவும் அதைப் பார்த்துத்தான் பாடியிருக்கிறார்.

இந்த இரண்டு பேருக்கும் என்ன புத்தகம் வாங்குவது என்பதில் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்த புத்தகங்கள்

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நான் கேட்ட கடைகளில் ஹார்ப் புத்தகம் இல்லை, திருவனந்தபுரத்திலும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் புத்தக விலையோடு தபால் செலவும் சேரும். தெரிந்த ஒருவர் லீவுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். அவர் நல்ல மனதோடு ஒரு பெரிய முறைநூலை வாங்கி வந்தார். அது பெடல் ஹார்ப்புக்கு, அதாவது காலால் மிதித்து ஸ்வரம் மாற்றுகிற பெரிய வகைக்கு, உரியது. புத்தகத்தின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. எந்த ஹார்ப் என்று நான் சொல்லி அனுப்பவில்லை, தவறு என்னுடையது.

இரண்டாவது, என் அலமாரியிலேயே இருந்த பியானோ முதல் கிரேடு புத்தகமும் பாமாலை மெட்டுப் புத்தகமும். ஹார்ப்புக்கும் பியானோவைப் போலவே இரண்டு கிளெஃப்தான், அப்புறம் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன்.

மூன்றாவதைச் சபை மூப்பர் ஒருவர் கொண்டுவந்தார். 1947-ல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல். "இது நம்ம யாழ்தானே டீச்சர், நம்ம நூலிலேயே படிக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேரியாழ் 21 நரம்பு, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7 என்று அளவுக்கு அளவு யாழ் வைத்து வாசித்த மொழி நம்முடையது. ஆனால் அந்த நூல் மறைந்துபோன வாத்தியத்தின் அமைப்பையும் பண்களின் கணக்கையும் தேடிக் கண்டெடுத்த ஆராய்ச்சி. எந்த விரலை எந்தக் கம்பியில் வைப்பது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர எழுதப்பட்டதல்ல. இப்போது அதை நான் எனக்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன், வகுப்பில் வைக்கவில்லை.

வகுப்பில் கண்டது

ஜூன் மாதம் இடவப்பாதி மழையோடு வகுப்பு தொடங்கியது. ஈரக்காற்றில் சுருதி நிற்காமல் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் அரை மணி நேரம் ட்யூனிங்கிலேயே போனது.

மாணவிக்குப் பியானோ புத்தகத்தை வைத்தேன். முதல் நாளே கேட்டாள்: "டீச்சர், இதில அஞ்சுன்னு போட்டிருக்கே, எந்த விரல் வைக்கணும்?" ஹார்ப்பில் சுண்டுவிரலுக்கு வேலை கிடையாது. கட்டைவிரல் ஒன்று, மோதிரவிரல் நான்கு, அதோடு முடிந்தது. பியானோவில் 1-3-5 என்று பிடிக்கிற கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இங்கே 1-2-3 ஆகும். ஆக்டேவுக்கு 1-5 என்று இருந்தால் 1-4. எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் பென்சிலால் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் போன பிறகுதான் உண்மையான பிரச்சினை கண்ணில் பட்டது. பியானோவில் ஒவ்வொரு விரலாக இறங்கலாம். ஹார்ப்பில் அடுத்து வரப்போகும் மூன்று நான்கு ஸ்வரங்களுக்கும் விரல்களை முன்கூட்டியே கம்பியில் வைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மீட்டி, விரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். எந்தெந்த ஸ்வரத்துக்கு ஒரே மூச்சில் விரல் வைப்பது என்பதை ஹார்ப் புத்தகங்களில் ஸ்வரங்களுக்கு மேலோ கீழோ ஒரு அடைப்பு வளைவு போட்டுக் காட்டியிருப்பார்கள். பியானோ புத்தகத்தில் அந்த வளைவுக்கு அவசியமே இல்லை. அதனால் அவள் ஒற்றை ஒற்றை விரலாகக் கம்பியைத் தேடித் தேடி, கையை அந்தரத்தில் தொங்கவிட்டபடி வாசித்தாள். ஜூலை கடைசியில் மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். நான் உடனே பியானோ புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

பாமாலை மெட்டுகளிலும் இதே மாதிரி ஒரு சங்கடம். நான்கு குரலுக்கு எழுதியதை அப்படியே வாசித்தால், ஒவ்வொரு அசைக்கும் ஒரு முழு கார்டு விழும். ஆர்கனில் அது நிறைவாக இருக்கும். ஹார்ப்பில், அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியில் திரும்ப விரல் வைத்தவுடன் ஒலி செத்துவிடும், கூடவே 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சலும் வரும். தாழ்ந்த பகுதியில் பேஸும் டெனரும் நெருங்கி வந்தால் ஒரே குழப்பம். மெட்டை வலது கையிலும், கார்டை உடைத்து ஒவ்வொரு ஸ்வரமாக இடது கையிலும் கொடுத்தபோதுதான் வாத்தியம் வாயைத் திறந்தது.

பால்வெட்டுகிறவருக்குக் கை வலிக்கவில்லை. விடியுமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் கத்தி பிடிக்கிற கை. அவருக்கு இடைஞ்சலாக இருந்தது தாள்தான். ஸ்டாஃப் படிக்கக் கற்றுக்கொடுத்த பிறகுதான் ஹார்ப் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஆறு வாரத்தில் மனிதர் சோர்ந்துவிட்டார். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "டோ எந்தக் கம்பின்னு மட்டும் காட்டித் தாங்க டீச்சர், மிச்சத்தை நான் பிடிச்சுக்கிடுவேன்." காட்டினேன். சிவப்புக் கம்பி எல்லாம் சி, கறுப்புக் கம்பி எல்லாம் எஃப். ஒரு பாமாலை மெட்டின் டெனர் வரியைத் தட்டுத்தடுமாறி, ஆனால் ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் வாசித்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வாரம் அவரை வீணாக்கிவிட்டோமே என்பதுதான் மனதில்.

லீவர் கணக்கு

பெடல் ஹார்ப் புத்தகம் ஏன் உதவவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹார்ப் புத்தகம் வாங்குகிற யாருக்கும் இதில்தான் கால் இடறும்.

பெரிய பெடல் ஹார்ப்புக்கு 47 கம்பி, ஏழு பெடல். செபாஸ்டியன் எரார் 1810-ல் உரிமம் பெற்ற இரட்டை இயக்க அமைப்பு அது. ஒரு பெடலை மிதித்தால் அந்த ஸ்வரத்தின் எல்லா ஆக்டேவும் ஒருமிக்க மாறும், ஃபிளாட் (அரை ஸ்வரம் இறங்கியது), நேச்சுரல் (இயல்பானது), ஷார்ப் (அரை ஸ்வரம் ஏறியது) என்று மூன்று நிலையும் கிடைக்கும், இரண்டு கையும் வாசித்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் ஹார்ப்பில் ஒவ்வொரு கம்பியின் உச்சியிலும் ஒரு சிறு லீவர். அதைக் கையால்தான் உயர்த்த வேண்டும், உயர்த்தினால் அந்த ஒரு கம்பி மட்டும் அரை ஸ்வரம் ஏறும். எல்லா லீவரும் இறங்கியிருக்கும்போது இ, ஏ, பி மூன்றும் ஃபிளாட், அதாவது இ-ஃபிளாட் மேஜர். அங்கிருந்து சி மேஜருக்கு வர எங்கள் வாத்தியத்தில் 14 லீவரை உயர்த்த வேண்டும். இப்படி மொத்தம் எட்டு மேஜர் கீ (எந்த ஸ்வரம் டோ என்பதுதான் கீ) கிடைக்கும்: இ-ஃபிளாட், பி-ஃபிளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, இ. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் கம்பியையே திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும்.

பெடல் புத்தகத்தில் பாட்டின் நடுவே இரண்டு ஸ்வரம் சேர்ந்தாற்போல் மாறும். வாசிக்கிறவர் காலால் செய்துவிடுவார். எங்கள் மாணவி அதற்கு இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்து, லீவரைத் தேடி, திரும்பி வருவதற்குள் தாளம் போய்விடும். இன்னொன்று எல்லை. 34 கம்பியில் கடைசி, பேஸ் கிளெஃப்புக்குக் கீழே இரண்டாவது கூடுதல் கோட்டில் உட்காரும் சி. அதற்குக் கீழே எழுதியிருந்தால் எங்களிடம் கம்பி இல்லை. பெடல் ஹார்ப்பில் கீழே இன்னும் ஏழு கம்பி உண்டு.

லீவருக்கு மட்டுமே உள்ள ஒரு வசதியும் இருக்கிறது. மேல் ஆக்டேவில் எஃப்-ஷார்ப், கீழ் ஆக்டேவில் வெறும் எஃப் என்று ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பெடலில் முடியாது. லீவர் ஹார்ப்புக்கென்றே எழுதுகிறவர்கள் இதை அழகாகப் பயன்படுத்துவார்கள்.

கீர்த்தனைகளிலும் இதே கணக்குதான் வழிகாட்டியது. மாயாமாளவகௌளையில் அமைந்த ஒரு கீர்த்தனையை எங்கள் குழு ஒரு கட்டையில் பாடும். ஒரு கட்டை என்றால் சி. அப்போது சின்ன ரிஷபம் டி-ஃபிளாட் ஆகிறது, எங்கள் ஹார்ப்பில் டி கம்பி அவ்வளவு கீழே இறங்காது. இரண்டு கட்டைக்கு, அதாவது டி-க்கு மாற்றினால் இ-ஃபிளாட்டும் பி-ஃபிளாட்டும் ஏற்கனவே அங்கே இருக்கின்றன. எஃப், ஏ, சி லீவர்களை மட்டும் உயர்த்தினால் ராகம் முழுசாக வந்துவிடும். ஐந்து கட்டையிலும் கிடைக்கும், அதற்கு எஃப், பி இரண்டையும் உயர்த்தினால் போதும். கமகம் வராது என்பது வேறு விஷயம். பாடுகிறவர் கமகத்தைப் பார்த்துக்கொள்வார், ஹார்ப் அடியில் ஸ்வரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால் போதும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆகஸ்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம்.

முதல் வருஷம் ஒரே ஒரு முறைநூல் என்று வைத்தோம். பெடல் உலகத்திலேயே ரெனியே என்ற ஹார்ப் ஆசிரியையின் பிரெஞ்சு வழி ஒன்று, சல்ஸேடோ என்ற ஆசிரியரின் வழி ஒன்று. முன்னதில் கை வாத்தியத்தின் பலகையில் லேசாகச் சாய்ந்திருக்கலாம், பின்னதில் முழங்கை உயர்ந்து கை விலகியே நிற்கும். இரண்டுமே பெரிய வாத்தியக்காரர்களை உருவாக்கியவை. ஆனால் ஒரு வாரம் இதையும் மறு வாரம் அதையும் பார்த்தால் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கையும் நிற்காது. நர்ஸ் காட்டிக்கொடுத்த கை நிலை ஏற்கனவே பழகிவிட்டது. அதோடு முரண்படாத புத்தகம் தேவை.

சில்வியா வுட்ஸ் எழுதிய 'டீச் யுவர்செல்ஃப் டு ப்ளே த ஃபோக் ஹார்ப்' புத்தகத்தை வரவழைத்தோம். 1978-ல் முதலில் வந்தது, 12 பாடம். ஒவ்வொரு பாடத்திலும் விளக்கம், பயிற்சி, அந்தப் பயிற்சிக்கு ஏற்ற சின்னப் பாட்டுகள். ஆசிரியரே அருகில் இல்லாதவர்களை மனதில் வைத்து எழுதியது. ஹார்ப் தெரியாத நான் அவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் போய்க்கொண்டே சொல்லிக்கொடுக்க இது தோதாக இருந்தது. இந்த முறை தபாலில் காத்திருந்து ஆளுக்கு ஒன்றாக இரண்டு பிரதி வாங்கினேன். வாழ்கிற ஒருவர் உழைத்து எழுதிய புத்தகத்தை நகல் எடுத்து ஊர் முழுக்கக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதற்கு மேல் பயிற்சிக்குப் பழைய நூல்களைத் தேடினோம். ஆசிரியர் இறந்து 60 வருஷம் கழிந்தால் நம் நாட்டில் உரிமைத் தடை நீங்கிவிடும். ஹார்ப்புக்கு நிறைய எழுதிய போஷா 1856-லேயே மறைந்தவர். அவருடைய ஓபஸ் 318, நாற்பது எளிய பயிற்சிகள், இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. இன்னொரு பழைய ஹார்ப் இசையமைப்பாளர் நாடர்மனின் சொனாட்டினாக்களும் (சிறிய இசைத் தொகுப்புகள்) அப்படியே. இதில் ஒரு நல்ல பொருத்தம்: அந்தக் காலத்து ஒற்றை இயக்கப் பெடல் ஹார்ப்பும் (ஒரு பெடல் அரை ஸ்வரம் மட்டுமே ஏற்றும் வகை) இ-ஃபிளாட்டில்தான் சுருதி சேர்க்கப்பட்டது, நம் லீவர் ஹார்ப்பைப் போலவே. ஆகவே பெடல் ஹார்ப் என்று தலைப்பில் இருந்தாலும் கீ நமக்கு ஒத்துவரும். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, நடுவில் ஸ்வரம் மாறாதவற்றை முதலிலும், ஒரே ஒரு இடத்தில் மாறுபவற்றை அடுத்ததாகவும் எடுத்து வைத்தேன்.

பால்வெட்டுகிறவருக்கு ஸ்டாஃப்பை நிறுத்தினேன். பாடங்களை நானே சோல்ஃபாவில் எழுதினேன். வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்குக் கீழே ஒரு வரி. ஒரே மூச்சில் விரல் வைக்க வேண்டிய ஸ்வரங்களைச் சேர்த்து வளைவு, வளைவின் கீழே 4-3-2-1. லீவர் மாற்ற வேண்டிய இடத்துக்கு இரண்டு தாளம் முன்னாலேயே சிவப்புப் பென்சிலால் கம்பியின் பெயரும் ஒரு மேல்நோக்கிய அம்பும். அந்தத் தாளத்தில் இடது கைக்கு ஸ்வரமே கொடுக்காமல் காலியாக விட்டேன். முதல் தாளை எழுத ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது, பிறகு கை ஓடியது.

மாணவியின் அப்பா வந்து, "கிரேடு பரீட்சைக்கு உள்ள புக்கு தானே டீச்சர் வாங்கணும்?" என்று கேட்டார். லண்டன் தேர்வு வாரியங்கள் பெடல் ஹார்ப்புக்குத் தனியாகவும் பெடல் இல்லாத ஹார்ப்புக்குத் தனியாகவும் பாட்டுப் பட்டியல் வைத்திருக்கின்றன. இரண்டாவது பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். மணிக்கட்டு வலி முழுதும் போகும்வரை பரீட்சைப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னேன். முகம் வாடியது, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

நடந்தது

மாணவியை முதல் பாடத்திலிருந்து திரும்பத் தொடங்கவைத்தேன். மூன்றாம் கிரேடு முடித்தவளுக்கு நான்கு ஸ்வரப் பயிற்சி கசப்பாகத்தான் இருந்தது, இரண்டு நாள் பேசவே இல்லை. செப்டம்பர் நடுவில் வலி என்ற பேச்சு நின்றது. வளைவைப் பார்த்ததும் நான்கு விரலும் ஒன்றாகப் போய் உட்கார ஆரம்பித்தன.

இருவருக்கும் நடுவே நான் எதிர்பார்க்காத ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்தது. அக்டோபரில் ஏ-ஃபிளாட்டில் அச்சான பாமாலை ஒன்று வந்தது. எங்கள் ஹார்ப்பில் அந்த கீ கிடையாது, அரை ஸ்வரம் இறக்கி ஜி-யில் வாசிக்க வேண்டும். மாணவி நான்கு ஃபிளாட்டைப் பார்த்துக்கொண்டு திகைத்து நின்றாள். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, டோ எங்கே என்று கேட்டார், வாசித்தார். "மாமா, இது எப்படி?" என்று அவள் அவர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த மாதம் அவர் போஷாவின் முதல் பயிற்சியைக் கேட்டு ஆசைப்பட்டபோது அவளே அதைச் சோல்ஃபாவில் எழுதிக் கொடுத்தாள்.

நவம்பர் மழையில் ஒரு கம்பி அறுந்தது, மாற்றுக் கம்பி வரும்வரை அந்த ஸ்வரம் இல்லாமலே பழகினோம்.

டிசம்பர் கேரல் ஆராதனையில் மாணவி இரண்டு கேரல்களும் ஒரு போஷா பயிற்சியும் வாசித்தாள். பால்வெட்டுகிறவர் அந்தக் கீர்த்தனைக்கு இரண்டு கட்டையில் உடைத்த கார்டு வாசித்தார், குழு பாடியது. சரணத்தில் ஒரு இடத்தில் லீவரை உயர்த்த மறந்து ஒரு ஸ்வரம் தப்பியது. அவர் நிறுத்தவில்லை, அடுத்த வரியில் சரிசெய்துகொண்டார். இப்போது அவள் எட்டாம் பாடத்தில் இருக்கிறாள், அவர் ஆறில். பரீட்சைக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு முறை இதே நிலை வந்தால், புத்தகத்தைத் தேடும் முன் வாத்தியத்தின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன்: லீவரா பெடலா, எத்தனை கம்பி, கடைசிக் கம்பி எது, லீவர் இறங்கியிருக்கும்போது எந்த கீ. வாங்கி வருகிறவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்துவிடுவேன். பிறகு புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். முதல் பக்கம் எல்லாப் புத்தகத்திலும் எளிதாகவே இருக்கும், நடுப்பக்கத்தில்தான் விஷயம் தெரியும். விரல் எண்ணில் ஐந்து வந்தால் அது ஹார்ப்புக்கு எழுதியதல்ல. வளைவு இல்லை என்றால் தொடங்குகிறவருக்கு வேண்டாம். ஒரு வரியில் இரண்டு மூன்று இடத்தில் ஷார்ப்பும் ஃபிளாட்டும் புதிதாக முளைத்தால் லீவர் ஹார்ப்புக்கு ஆகாது.

சோல்ஃபா தெரிந்தவரை முதல் நாளிலிருந்தே சோல்ஃபாவில் தொடங்குவேன். ஸ்டாஃப் பிறகு வரட்டும், அவரே கேட்கும்போது. போன வாரம் கேட்டுவிட்டார். சிவப்புக் கம்பியைத் தொட்டுக்காட்டி, "இந்த சி அந்தக் கோட்டுல எங்க இருக்கு டீச்சர்?" என்றார்.

பியானோ புத்தகத்தில் போன ஏழு வாரத்துக்காக மாணவியிடம் வருத்தம் தெரிவித்தேன். மாற்றுக் கம்பிகள் ஒரு தொகுதியும், கீர்த்தனைகளை லீவர் ஹார்ப்புக்கு வளைவோடு எழுதிவைக்க நீளமான நோட்டு ஒன்றும் வாங்கியிருக்கிறோம். அதில் இதுவரை பதினொரு கீர்த்தனை ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் எத்தனை கட்டை, எந்தெந்த லீவர் மேலே என்று எழுதியிருக்கிறேன்.